தோற்கவும் வசதி வேண்டும்

வணக்கம் ஐயா,

உங்கள் கட்டுரைகளைப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். வர்க்கம், ஏற்றத்தாழ்வு என்று நீங்கள் திரும்பத் திரும்ப எழுதுவதில் எனக்கு உடன்பாடு இருந்ததில்லை. இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். சமீபத்தில் நடந்த ஒன்று எழுத வைத்துவிட்டது.

என் அப்பா கட்டட வேலை செய்தவர். அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். யாருடைய சிபாரிசும் இல்லாமல் படித்து, உழைத்து, இன்று ஒரு நிறுவனத்தில் ஓரளவு பொறுப்பான பதவியில் இருக்கிறேன்.

போன மாதம் எங்கள் பிரிவில் ஓர் இடத்துக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. தேர்வுக் குழுவில் நானும் ஒருவன். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஏறக்குறைய ஒரே மதிப்பெண். இருவருக்குமே படிப்பு முடிந்த பிறகு இரண்டு வருட இடைவெளி. முதலாமவர் நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி, அது ஓடாமல் மூடிவிட்டு, பிறகு ஓரிடத்தில் சம்பளமில்லாமல் பயிற்சி எடுத்திருக்கிறார். இரண்டாமவர் அந்த இரண்டு வருடமும் வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்திருக்கிறார். அப்பாவின் சிகிச்சைக்கு வாங்கிய கடனாம். அதை அடைத்து முடித்துவிட்டு இப்போது விண்ணப்பித்திருக்கிறார்.

நாங்கள் முதலாமவரை எடுத்தோம். பேச்சில் தெளிவு இருந்தது. தோல்வியிலிருந்து என்ன கற்றுக்கொண்டார் என்று கேட்டபோது அழகாகச் சொன்னார். இரண்டாமவர் துறையோடு தொடர்பு விட்டுப்போனவராகத் தெரிந்தார்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "இது வர்க்கப் பாகுபாடு" என்றார். என் பின்னணி தெரிந்தும் அப்படிச் சொன்னது எனக்கு வலித்தது. தகுதியைப் பார்த்தோம், அவ்வளவுதான். இதில் வர்க்கம் எங்கே வந்தது?

இன்று எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது. அடிப்படைத் தேவைகள் கிடைத்துவிட்டால், ஒருவரிடம் அதிகம் இருப்பதால் இன்னொருவருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? இந்தப் பேச்சுக்கு அடியில் இருப்பது பொறாமைதானோ என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது. உழைத்தால் யாரும் மேலே வரலாம் என்பதற்கு நானே சாட்சி. என் மகளையும் அப்படிச் சொல்லித்தான் வளர்க்கிறேன். நான் நினைப்பது தவறென்றால் சொல்லுங்கள்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

மனதில் இருப்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே பதில் சொல்கிறேன். உங்கள் நண்பர் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் நேர்மையாகத்தான் தேர்வு செய்தீர்கள் என்பதையும் நம்புகிறேன். வர்க்கம் தன் வேலையைச் செய்ய யாரும் யாரையும் வெறுக்க வேண்டியதில்லை. நல்ல மனிதர்கள் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நியாயமானவை என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் கேள்விகளைக் கேட்டாலே போதும்.

அந்த இரண்டு வருடங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

முதலாமவர் வருமானம் இல்லாமல் இருந்த காலம் முழுக்க அவர் தங்கிய இடத்துக்கு யாரோ வாடகை கொடுத்திருக்கிறார்கள். சாப்பாடு, பயணச் செலவு, மடிக்கணினி எல்லாவற்றையும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நிறுவனத்தை மூடியபோது போட்ட பணம் போயிருக்கும். போனாலும் வீட்டில் அடுப்பு அணையவில்லை. அதற்குப் பிறகும் சம்பளமில்லாத பயிற்சிக்குப் போக முடிந்திருக்கிறது என்பதே அதற்குச் சான்று. இதில் அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் உண்மையாகவே முயன்றிருப்பார், கற்றுக்கொண்டும் இருப்பார்.

இரண்டாமவருக்கு மாதம் பிறந்தால் தவணை. காய்ச்சலில் ஒரு நாள் படுத்தால் அன்றைக்கு வருமானம் இல்லை. வண்டி பழுதானால் அதற்கு இன்னொரு கைமாற்று. ஒவ்வொரு நாளும் நேரக் கணக்கு, முகம் தெரியாத மனிதர்களின் எரிச்சல், எந்த நேரமும் குறையக்கூடிய கூலி, இத்தனைக்கும் நடுவில் ஒரு கடனை முழுதாக அடைத்திருக்கிறார். இருபது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளில் ஒரு குடும்பத்தின் நெருக்கடியைத் தோளில் வாங்கிக் கரை சேர்த்தவர் அவர். ஆனால் இதை அவர் சாதனையாகச் சொல்லியிருக்க மாட்டார். தப்பு செய்தவர் விளக்கம் கொடுப்பதுபோலச் சொல்லியிருப்பார். குழுவும் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கும். உங்கள் கடிதத்திலேயே பாருங்கள், முதலாமவருக்கு ‘தோல்வியிலிருந்து கற்றது’ இருக்கிறது. இரண்டாமவருக்கு ‘தொடர்பு விட்டுப்போனது’ மட்டும்தான்.

தோல்வியிலிருந்து என்ன கற்றீர்கள் என்று கேட்கிறீர்களே, தோற்றுப் பார்க்க வசதி இருந்தவரிடம்தான் அதற்கு நல்ல விடை இருக்கும். இரண்டாமவர் தோற்றிருந்தால் உங்கள் நேர்முகத் தேர்வுக்கே வந்திருக்க மாட்டார்.

வர்க்கத்தை அளக்க எத்தனையோ வழிகள் உண்டு. வருமானம், சொத்து, படிப்பு, பதவி, பழகும் வட்டம். எல்லாவற்றுக்கும் பயன் இருக்கிறது. ஆனால் எனக்கு வரவர ஒரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. இந்த மனிதர் எத்தனை தடவை தோற்கலாம்? ஒரு தேர்வில் கோட்டைவிட்டால், ஒரு தொழில் முங்கிப்போனால், ஒரு நோய் வந்தால், தப்பான படிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதற்குப் பிறகும் அவருக்கு வாழ்க்கை பாக்கி இருக்கிறதா? சிலருக்கு அது பத்து தடவை. சிலருக்கு ஒன்றுகூட இல்லை. கைபேசி எல்லாரிடமும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. இந்த எண்ணிக்கை ஒன்றுபோல இல்லை.

தோற்கும் உரிமையின் அருமை சமூகத்துக்குத் தெரியாததல்ல. பணம் உள்ளவர்களுக்கு அதைச் சட்டம் போட்டே கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1855இல் வரையறுக்கப்பட்ட பொறுப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு தொழில் நொடித்தால் அதில் பங்கு வைத்திருந்தவரின் வீடு வாசல் உட்பட எல்லாம் கடனுக்குப் போக வேண்டியிருக்கும். அந்தச் சட்டத்துக்குப் பிறகு, பங்குக்கு ஒப்புக்கொண்ட பணம் மட்டும்தான் போகும், மற்றதைக் கடன்காரர் தொட முடியாது. நவீன முதலீட்டின் துணிச்சலுக்கு இது ஒரு முக்கிய அடித்தளம். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே நாட்டில் சின்னக் கடனைக் கட்ட முடியாத சாதாரண மனிதர்களைச் சிறையில் போடும் வழக்கம் அப்போதும் இருந்தது. அதைப் பெரும்பாலும் நிறுத்திய சட்டம் வர 1869 ஆகிவிட்டது. முதலீட்டாளர் பயமில்லாமல் தோற்கலாம் என்று ஆன பிறகும் பதினான்கு வருடம், கடனில் தோற்ற ஏழைக்குக் கம்பிக்குப் பின்னால்தான் இடம்.

பழைய கதை என்று விட வேண்டாம். 2008இல் நிதி நெருக்கடி வந்தபோது, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள அமெரிக்க அரசு 70,000 கோடி டாலர் வரை செலவிட அக்டோபரில் சட்டம் இயற்றியது. லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலாகி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வீட்டுக்கடனைக் கட்ட முடியாமல் வீட்டை இழந்த குடும்பங்கள் பல லட்சம். அந்தக் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் ‘யோசித்துக் கடன் வாங்கியிருக்க வேண்டும்’ என்ற அறிவுரை வந்தது. அந்த அறிவுரை எனக்கு இன்றும் ஆறவில்லை.

தடுக்கினால் எழ வழியில்லை என்ற நிலை மனதையும் விட்டுவைப்பதில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். அறுவடைக்கு முன் கையில் காசு இருக்காது, கடன் நெருக்கும். அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு நிலைமை இளகும். தர்க்க அறிவையும் கவனத்தையும் பார்க்கும் அதே வகைச் சோதனைகளில், அதே மனிதர்கள் அறுவடைக்கு முன் தெளிவாகக் குறைந்த மதிப்பெண் எடுத்தார்கள். ஆள் மாறவில்லை, மூளை மாறவில்லை, நெருக்கடி மட்டும்தான் மாறியது. உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டாமவர் எந்த நிலையில் அந்த அறைக்குள் வந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கேள்வியும் இல்லை.

சரி, பேச்சில் தெளிவு இருந்தது என்கிறீர்கள். அது எங்கிருந்து வருகிறது? அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட் லரோ 1990களில் வெவ்வேறு வர்க்கக் குடும்பங்களின் வீடுகளுக்கே போய், குழந்தைகள் வளர்வதை நாள்கணக்கில் பார்த்தார். 2003இல் அது புத்தகமாக வந்தது. அதில் ஒரு காட்சி எனக்கு மறக்காது. நடுத்தர வர்க்கத் தாய் ஒருவர் மகனை மருத்துவரிடம் அழைத்துப் போகிறார். போகும் வழியிலேயே, ‘டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொள், எது வேண்டுமானாலும் கேட்கலாம்’ என்கிற மாதிரி அவனைத் தயார்ப்படுத்துகிறார். உள்ளே போனதும் பையன் மருத்துவரை இடைமறித்துப் பேசுகிறான், கேட்கிறான், மருத்துவரும் பதில் சொல்கிறார். உழைக்கும் வர்க்க வீடுகளில் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பெற்றோர்களே மருத்துவர் முன்னாலும் ஆசிரியர் முன்னாலும் அடங்கிப் பேசுகிறார்கள், குழந்தையும் அதையே பழகிக்கொள்கிறது. இருபது வருடம் கழித்து ஒரு நேர்முகத் தேர்வில் முதல் குழந்தையின் பழக்கத்துக்குத் ‘தெளிவு’ என்று மதிப்பெண். இரண்டாவது குழந்தையின் பழக்கத்துக்குத் ‘தன்னம்பிக்கை போதாது’ என்று குறிப்பு. உங்களுக்கு இது தெரியாததா? முதல் முறை அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்தபோது உங்கள் குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

தகுதி என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. அறுவை சிகிச்சைக்குப் போகும்போது நானும் திறமையான மருத்துவரைத்தான் தேடுவேன். தகுதி பல கைகளால் வளர்க்கப்படுகிறது, அந்தக் கைகளுக்கு ஆகும் செலவு எல்லா வீட்டிலும் இல்லை என்றுதான் சொல்கிறேன். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவரது சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பாளர்களின் சிறுவயதைத் தேடிப் பார்த்தார்கள். வருமானத்தில் உச்சியில் உள்ள ஒரு சதவீதக் குடும்பங்களில் பிறந்த குழந்தை கண்டுபிடிப்பாளராக ஆகும் வாய்ப்பு, கீழ்ப்பாதியில் பிறந்த குழந்தையைவிடப் பத்து மடங்கு. மூன்றாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் இரண்டு பேரும் சமமாக முன்னணியில் இருந்தாலும் ஏழைக் குழந்தையின் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துதான் இருந்தது. திறமை தெரிந்த பிறகும் அதைத் தொடர்ந்து வளர்க்க ஆளில்லை.

இனி உங்கள் சாட்சியம். உழைத்தால் யாரும் வரலாம், நானே சாட்சி என்கிறீர்கள். நீங்கள் வந்தது உண்மை. ஆனால் நீங்கள் எப்படி வந்தீர்கள் என்பதில் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, காலம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பல தொழில்நாடுகளில் உழைப்பாளிகளின் பிள்ளைகள் திரளாக மேலே வந்தார்கள். ஜான் கோல்ட்தோர்ப் போன்ற சமூகவியலாளர்கள் அதை ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது. போட்டி பெரிதாக நியாயமாகிவிடவில்லை. அலுவலகம், நிர்வாகம், மருத்துவம், கல்வி என்று மேலே இடங்களே பெருகின. இருக்கிறவர்கள் இறங்காமலேயே புதியவர்கள் ஏற முடிந்தது. அந்தப் பெருக்கம் குறைந்தால் என்ன ஆகும்? ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவில் 1940இல் பிறந்தவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980இல் பிறந்தவர்களில் அது 50 சதவீதம். சோம்பல் அந்த அளவுக்கா கூடிவிட்டது? வளர்ச்சி மட்டுப்பட்டது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வந்த வளர்ச்சியின் பலன் பெரும்பாலும் உச்சியில் இருப்பவர்களிடம் போய்ச் சேர்ந்தது என்று அதே ஆய்வு சொல்கிறது.

இரண்டாவது, நீங்கள் சறுக்கவே இல்லை. யோசித்துப் பாருங்கள், உங்கள் பாதையில் எந்த வருடம் ஒரு தேர்வு போயிருந்தாலும், அப்பா எந்த வருடம் சாரத்திலிருந்து விழுந்திருந்தாலும், நீங்கள் இன்று எங்கே இருந்திருப்பீர்கள்? உங்களோடு படித்தவர்களில் உங்கள் அளவு புத்தியும் உழைப்பும் இருந்து, ஒரே ஒரு இடத்தில் தடுக்கி, அதோடு நின்றுவிட்டவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. அவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதும் இல்லை. நீங்கள் ஒரு பிழைகூட இல்லாமல் வந்து சேர்ந்த இடத்துக்கு, உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் மூன்று பிழைகளோடு வந்து சேர்ந்திருக்கலாம். உங்கள் உழைப்பின் மதிப்பை இது கூட்டுகிறது. ஆனால் ஒரு சமூக அமைப்பு நியாயமாக இருக்கிறது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்ட முடியாது.

உங்கள் மகளைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். நீங்களே குறிப்பிட்டதால் எழுதுகிறேன். அவளுக்கு ஒரு பாடம் வராவிட்டால் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் வைப்பீர்கள். கல்லூரியில் எடுத்த படிப்பு பிடிக்கவில்லை என்றால் ஒரு வருடம் போனாலும் பரவாயில்லை, மாற்றிக்கொள் என்பீர்கள். சம்பளமில்லாத பயிற்சிக்குப் போகிறேன் என்றால் அறை வாடகை நீங்கள் கட்டுவீர்கள். செய்ய வேண்டியதுதான், எந்தத் தகப்பனும் செய்வான். விழுந்தாலும் அடிபடாமல் தாங்கும் ஒரு பஞ்சணையை, உங்களுக்கு இல்லாததை, அவளுக்கு நீங்கள் தைத்துக் கொடுக்கிறீர்கள். ஆனால் அவளும், உங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்பவரின் பிள்ளையும் உழைப்பில் மட்டும்தான் வேறுபடுகிறார்கள் என்று அவளிடம் சொல்லாதீர்கள். அதை நம்பி வளரும் குழந்தை, பின்னால் தேர்வுக் குழுவில் உட்காரும்போது மேலே வராதவர்களை உழைக்காதவர்கள் என்றே பார்க்கும்.

ஒரு தலைமுறையின் வசதி அடுத்ததற்குப் போவது எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு ஃபுளோரன்ஸ் நகரத்தைச் சொல்லலாம். இத்தாலிய மத்திய வங்கியின் ஆய்வாளர்கள் இருவர் அந்நகரின் 1427ஆம் ஆண்டு வரிக் கணக்கையும் 2011ஆம் ஆண்டு வரிக் கணக்கையும் எடுத்துக் குடும்பப் பெயர்களை ஒப்பிட்டார்கள். இன்றைக்கு அதிகம் சம்பாதிக்கும் குடும்பப் பெயர்கள் ஏறக்குறைய அறுநூறு வருடத்துக்கு முன்பும் மேல்தட்டில் இருந்தவைதாம். நடுவில் குடியரசு போய் மன்னராட்சி வந்தது, நாடே புதிதாகப் பிறந்தது, இரண்டு உலகப் போர்கள் நடந்தன.

ஒருவரிடம் அதிகம் இருந்தால் மற்றவருக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 2022ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கைப்படி உலகச் சொத்தில் 76 சதவீதம் மேலே உள்ள பத்து சதவீதம் பேரிடம் இருக்கிறது. கீழ்ப்பாதி மனிதர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து 2 சதவீதம். கீழ்ப்பாதியின் பசி, மருந்து, கல்வி பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் கேட்பது, அடிப்படைத் தேவை நிறைவேறியவர்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றி. அதற்கு நல்ல பதில் பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடம் கிடைத்தது.

1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, லண்டனில் பணியாற்றிய சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தது. மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் அதன் முடிவுகளை உலகுக்குச் சொன்னவர். அவர்களில் யாரும் வறியவர் இல்லை. எல்லாருக்கும் நிரந்தர வேலை, எல்லாருக்கும் அரசின் இலவச மருத்துவம். அப்படியிருந்தும் பத்து வருடக் கணக்கில், கடைநிலை ஊழியர்களின் இறப்பு வீதம் உயர் அதிகாரிகளைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே நின்றது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் குறை கடைசிப் படியோடு நின்றுவிடவில்லை. உச்சிக்கு அடுத்த படியில் இருந்தவர்கள்கூட உச்சியில் இருந்தவர்களைவிட அதிகம் இறந்தார்கள். 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் ஒரு காரணம் துலங்கியது. தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் தனக்கு எவ்வளவு சொல் இருக்கிறது என்பது இதய நோயோடு நெருங்கிய தொடர்புடையது. நாள் முழுக்க இன்னொருவர் சொல்படி நடப்பதும், எதிர்த்துப் பேசினால் என்ன ஆகுமோ என்று அஞ்சுவதும் உடம்பில் போய்ச் சேர்கிறது. இதைப் பொறாமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

உங்கள் அலுவலகத்தில் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. சம்பளமில்லாப் பயிற்சியை அனுபவமாக எண்ணுகிறீர்கள் என்றால் கூலி வேலையையும் அனுபவமாக எண்ணுங்கள். ‘உங்களை நம்பி இருந்தவர்கள் யார், அவர்களுக்காக என்ன பொறுப்பு எடுத்தீர்கள்’ என்று ஒரு கேள்வியைச் சேருங்கள். அப்போது இரண்டாமவர் போன்றவர்களுக்குப் பேச இடம் கிடைக்கும். உங்கள் நிறுவனமே சம்பளமில்லாமல் பயிற்சியாளர்களை எடுக்கிறது என்றால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். முதல் வடிகட்டல் அங்கேதான் நடக்கிறது.

ஆனால் தேர்வுக் குழுக்கள் திருந்துவதால் மட்டும் தீரும் காரியம் இல்லை இது. அந்தப் பஞ்சணையைப் பொதுவில் போட வேண்டும். அப்பாவுக்கு இலவசமாகச் சிகிச்சை கிடைத்திருந்தால் அந்த இளைஞருக்கு அந்த இரண்டு வருடம் அவர் கையில் இருந்திருக்கும். நல்ல பொது மருத்துவம், நல்ல பொதுக் கல்வி, வேலை போனால் கொஞ்ச காலம் தாங்கும் உதவித்தொகை. இவற்றைச் சலுகை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1855இல் முதலீட்டாளருக்குக் கொடுத்த அதே பாதுகாப்பு இப்போது மற்றவர்களுக்கும் வருகிறது, அவ்வளவுதான்.

அதற்கும் மேலே ஒரு யோசனை உண்டு. அரசியல் சிந்தனையாளர் தாமஸ் பெய்ன் 1797இலேயே எழுதிவிட்டார். சொத்து வாரிசுக்குப் போகும்போது அதில் ஒரு பகுதியை எடுத்து ஒரு பொது நிதியில் போடு, 21 வயது நிறையும் ஒவ்வொருவருக்கும் அதிலிருந்து 15 பவுண்டு கொடு என்றார். தர்மமாக இல்லை, உரிமையாக. பூமி எல்லாருக்கும் பொதுவாக இருந்தது, அதில் தன் பங்கை இழந்ததற்கான ஈடு என்பது அவர் வாதம். இதன் சின்ன வடிவம் ஒன்றை பிரிட்டன் செய்தும் பார்த்தது. 2002 செப்டம்பர் முதல் பிறந்த குழந்தைகளின் பெயரில் அரசே 250 பவுண்டு போட்டு, ஏழைக் குடும்பமென்றால் இன்னும் கூடுதலாகப் போட்டு, பதினெட்டு வயதில் எடுத்துக்கொள்ளச் சொன்னது. 2011இல் புதிய குழந்தைகளுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். தொகை சிறியது, காலமும் போதவில்லை. ஆனால் பெரிய சொத்துகளின் மேல் நியாயமான வாரிசு வரி போட்டு, அதில் வருவதை இப்படி ஒவ்வோர் இளைஞருக்கும் கொடுப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். வாரிசு வரி என்றாலே உழைத்துச் சேர்த்ததைப் பிடுங்குகிறார்கள் என்று சத்தம் வரும். அமெரிக்காவில் 1941 முதல் 1976 வரை மிகப் பெரிய சொத்துகளுக்கு அந்த வரியின் உச்ச விகிதம் 77 சதவீதமாக இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே யாரும் உழைப்பை நிறுத்திவிடவில்லை.

உங்கள் மகளுக்காக நீங்கள் சேர்ப்பதும் இந்தக் கேள்விக்குள் ஒருநாள் வரலாம் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன். எந்த அளவுக்கு மேல் வரி போடலாம், எங்கே விட்டுவிடலாம் என்பதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கும். அதை விரிவாக எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.